சுவருக்கு இந்தப் பக்கம்

தண்டையார்பேட்டையில் அந்தத் தியேட்டரின் பின்சுவரும்
என் வண்டி ஸ்டாண்டும் ஒட்டிப் பிறந்தவை.
மூன்று வாரமாய் ஒரே படம், நாளுக்கு நாலு காட்சி.
எண்பத்து மூன்று தடவை கேட்டாயிற்று.
ஒரு தடவையும் பார்க்கவில்லை.

டோக்கன் கிழித்து, சீட்டில் சாக்பீஸால் எண் போட்டு,
ஹேண்டில் லாக் போட்டுவிட்டுப் போனவனைக் கூப்பிட்டுத் திட்டி முடிக்கையில்
சுவர் அதிரத் தொடங்கும்.
முதலில் சண்டை. அப்புறம் குத்துப்பாட்டு;
புரோட்டாக் கடைப் பையன் அதற்கு இங்கே வந்து ஆடுவான்.
இடைவேளைக்கு மேல் நாற்பதாவது நிமிஷம்
எல்லாம் அடங்கும்.
ஒரு வயலின் மட்டும்
துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி இழுக்கும்.
ஒரு ஆள் "போய்ட்டு வா" என்பான்.
பதில் வராது.
பிறகு இரும்புச் சத்தம், டணங்கென்று.
பிறகு உள்ளே அறுநூறு பேர் மூக்கை உறிஞ்சுவது
எனக்குக் கேட்கும்.
கேட்காது என்பான் ஆபரேட்டர் தாவூது.
கேட்கும்.

படம் விட்டு வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை.
டோக்கனைப் பார்ப்பேன். நனைந்து சுருண்டிருக்கும்.
அழுததாய் ஒருவரும் சொன்னதில்லை.
"மணலிக் காத்துப்பா, இன்னைக்கு ஓவரு."
"ஏசிய மூஞ்சிக்கு நேரா வுட்டுட்டான்."
துறைமுகத்து கஜபதி,
கன்டெய்னர் கதவில் ரெண்டு விரல் போனபோது பீடி கேட்டவன்,
பெட்ரோல் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாய்
கால் மணி நேரம் நின்றான்.
என்ன என்றேன்.
"எவனோ உறிஞ்சிட்டான்."

எனக்கும் கண் நிறைந்தது. பொய் எதற்கு?
அந்தப் "போய்ட்டு வா"வுக்கு
நானே ஒரு கதை வைத்திருந்தேன்:
அண்ணன் தம்பியை ரயிலேற்றி விடுகிறான்.
டணங்கென்றது பெட்டிக் கதவு.
தம்பி திரும்ப மாட்டான்.
பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்தவன் நான்.
எங்கள் வீட்டில் ரெண்டு பேர்.
இருந்தோம்.

பியூலா மேட்டினிக்கு மட்டும் வருவாள்,
செவ்வாயும் வெள்ளியும்.
காசிமேட்டில் ஏலம் முடித்து, குளித்து, பவுடர் போட்டு;
ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் பெட்டி மட்டும் குளிக்காமல் வரும்.
ஆறாவது தடவை கேட்டுவிட்டேன்,
"அவ்ளோ நல்லாருக்கா படம்?"

"படமா?" என்றாள்.
"பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேரு.
பாத்ரூமும் பொது, கொஞ்ச நேரமானா கதவத் தட்டுவாளுங்க.
இங்க நூத்திருவது ரூபாய்க்கு இருட்டு.
பக்கத்துல அழுறதுக்கு ஆளுங்க வேற.
ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நானும் கேட்கவில்லை.
வண்டிக்குப் பத்து ரூபாய் வேண்டாமென்றேன்.
அடுத்த நிமிஷமே வாங்கிக்கொண்டேன்,
முதலாளியிடம் கணக்குச் சொல்ல வேண்டும்.

வியாழன் இரவு, கடைசிக் காட்சி. மழை.
ஸ்டாண்டில் நாலே வண்டி.
"ஒரு தபா பாத்துட்டுப் போய்யா" என்று தாவூது இழுத்துப் போனான்.
கதவோரம் நின்றேன், ரெயின்கோட் சொட்டச் சொட்ட.
வயலின் வந்தது.
ஆள் வந்தான்.
"போய்ட்டு வா" என்றான், ஒரு ஆட்டோவிடம்.
தவணை கட்டாத ஆட்டோ.
பைனான்ஸ்காரன் கொக்கியை மாட்டினான், டணங்கென்று.
அவ்வளவுதான்.

ஆட்டோவுக்கா அழுதார்கள் அறுநூறு பேரும்?
முன்வரிசையில் ஒருவன் அப்போதும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தான்.
அவனுக்குள் எந்தப் படம் ஓடியதோ.
எனக்கு மட்டும் கண் காய்ந்து கிடந்தது.
மூன்று வாரமாய் நான் கேட்ட படத்தை
எந்த ஊரிலும் எவரும் எடுக்கவில்லை.

வெள்ளியன்று புதுப் படம்.
செவ்வாய் மேட்டினிக்கு ஸ்கூட்டி வந்தது.
"இது சிரிப்புப் படம்" என்றேன்.
பியூலா இறங்காமல் கொஞ்சம் யோசித்தாள்.
"பரவால்ல, போடு."

சீட்டில் பதினேழு என்று எழுதினேன்.
உள்ளே சிரிப்பு ஓடுகளைத் தூக்கியது.
சுவரில் காதை வைத்தேன்.
அத்தனை பேர் சிரிக்கும்போது ஒருத்தி அழுதால்
கேட்காது என்பான் தாவூது.